அழுமூஞ்சிக்குப் பிறகு ஓர் இடைவெளி

என் அம்மா வாணவெடி விடுகிற குழுவில் வேலை பார்த்தாள். அவள் அழுத்திய சுவிட்சுக்கு எத்தனையோ ஆயிரம் குண்டுகள் மேலே போய் விரிந்திருக்கும். அவற்றில் ஒன்று விரிந்ததைக்கூட அவள் பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "பக்கத்துலயே இருந்துட்டு எப்படிங்க பாக்காம இருப்பாங்க?" என்பார்கள். பக்கத்தில் இருப்பதால்தான் பார்க்க முடியாது.

வெடி விடுகிற இடம் கூட்டத்திலிருந்து தள்ளி இருக்கும். ஏரி என்றால் எதிர்க்கரை. மைதானம் என்றால் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம். குழு மதியமே போய்விடும். மணல் நிரப்பிய மரப்பெட்டிகளில் குழாய்களை வரிசையாக நட்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு குண்டை இறக்கி, திரியோடு மின்கம்பியை இணைத்து, பனி படாமல் மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுவார்கள். இருட்டியதும் அம்மா ஹெல்மெட்டும் கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு ஒரு ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் குந்துவாள். முன்னால் சுவிட்ச் பெட்டி. குழுத் தலைவர் வயர்லெஸ்ஸில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மா அழுத்துவாள்.

அழுத்தியபின் நிமிரக் கூடாது. எரிந்த காகிதமும் கரியும் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும், கண்ணில் விழும். அது சின்னக் காரணம். பெரிய காரணம், அவள் பார்க்க வேண்டியது குழாயை. குண்டு கிளம்பிவிட்டதா, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியாமல் விட்டால் பிறகு அந்தப் பக்கம் போகிற ஆளுக்கு உயிர் இருக்காது. ஆகவே வானம் பூராவும் பூத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தரையில் இருக்கும் கறுப்புக் குழாய் வாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்து, காத்திருந்து, டார்ச் அடித்து, குழாய் குழாயாகச் சோதித்து வெளியே வருவதற்குள் கூட்டம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவள் முதலில் வெடி செய்கிற அந்த நிறுவனத்தில், குண்டுக்குக் காகிதம் ஒட்டுகிற கொட்டகையில்தான் இருந்தாள். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். ஒருநாள் குழுவில் ஒரு ஆள் வரவில்லை. யாராவது கைகொடுக்க வருகிறீர்களா என்று குழுத் தலைவர் கொட்டகை வாசலில் நின்று கேட்டார். அம்மா எழுந்துவிட்டாள். ஏன் போனாய் என்று பின்னாளில் கேட்டேன்.

"அந்தப் பசை நாத்தத்துலேர்ந்து ஒரு நாளாச்சும் தப்பிக்கலாம்னுதான். வெடிக்கு ஆசைப்பட்டு யாரு போவா?"

அந்தத் தலைவருக்குக் கடிகாரம் என்று பெயர். நேரத்துக்கு எங்கும் வந்து சேராதவர் என்பதால் அப்படி. வெடி விடும்போது மட்டும் நொடி பிசகமாட்டார். அம்மாவை அக்கா என்பார். நான் அவரை மாமா என்பேன்.

அம்மாவுக்குக் குக்கர் விசில் என்றால் பயம். அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள். தெருவே சிரிக்கும். "குண்டு நான் சொன்னாத்தான் வெடிக்கும். இந்தச் சனியன் எப்ப கத்தும்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். காது மந்தமாகிக்கொண்டு வந்ததால் எதையும் உரக்கத்தான் சொல்லுவாள். எங்கள் வீட்டு ரகசியம் எதுவும் எங்கள் வீட்டோடு நின்றதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை என்னை வாணவேடிக்கைக்குக் கூட்டிப்போவாள். அம்மா புகை வாசத்தோடு வீடு திரும்பியதும், கை கழுவுவதற்கு முன்பே கேட்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா? இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. எவ்ளோ பெருசு? நம்ம வீட்டுக்கு மேல வெச்சா எது வரைக்கும் வரும்?"

"தெருக்கோடி வீடு வரைக்கும்."

"கோடி வீட்டையும் சேத்தா, சேக்காமயா?"

எனக்குச் சொல்லத் தெரியாது. தூக்கமாக இருக்கும். சேர்த்து என்பேன். அவள் அதோடு விடமாட்டாள். சிவப்பு முதலில் வந்ததா பச்சையா, கீழே இறங்கும்போது நிறம் மாறியதா, கூட்டம் எதற்குக் கத்தியது. பாதியில் நான் தூங்கிப்போவேன்.

படித்து முடித்து, எடைக்கருவிகளையும் வெப்பமானிகளையும் சோதித்து முத்திரை போடுகிற கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய கேமரா ஒன்று வாங்கினேன். வேறு எதையும் எடுப்பதற்காக வாங்கவில்லை. அவளுக்குக் காட்டுவதற்காக மட்டும்தான்.

முதல் தடவை ஃபிளாஷ் தானாக அடித்துவிட்டது. வானம் ஏரித் தண்ணீர் மாதிரிக் கறுப்பாக விழுந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் தலை மட்டும் பளபளவென்று.

"யாருடி இந்த மொட்டை? எல்லாப் படத்துலயும் இவர்தான் இருக்காரு. வேடிக்கை பாக்கப் போனியா, இவரப் பாக்கப் போனியா?"

அடுத்த தடவை ஃபிளாஷை நிறுத்தினேன். இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் பஞ்சு பஞ்சாக வந்தது. அதன்பிறகு, போனதும் முதலில் எதிர்க்கரையில் ஏதாவது ஒரு விளக்கைக் குறிவைத்துத் தெளிவாக்கிக்கொண்டு, தானியங்கியை அணைத்து, லென்ஸ் வளையம் அசையாமல் டேப் ஒட்டிவிடுவேன். முக்காலி வாங்கினேன். அப்போதும் கோடுகளின் நுனியில் சின்னச் சின்னக் கொக்கி இருந்தது. "குண்டு குடிச்சிட்டுப் போற மாதிரி போகுதே" என்றாள் அம்மா. என் விரல் அழுத்துகிற அதிர்வுதான் அது. கேபிளில் அழுத்துகிற பித்தான் ஒன்று வாங்கியதும் கொக்கி போய்விட்டது.

லென்ஸின் கண்ணை அகலமாக வைத்தால் பூவின் நடு வெள்ளையாகி நிறம் செத்துவிடும். சுருக்கி வைக்க வேண்டும். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் இருப்பதிலேயே குறைவாக. ஷட்டருக்கு நேரம் குறிக்கக் கூடாது, கையால் திறந்து கையால் மூட வேண்டும். குழாயிலிருந்து 'தொம்' என்று சத்தம் வந்து, வால் மேலே ஏறத் தொடங்கியதும் திறப்பேன். கடைசிப் பொறி அணைந்ததும் மூடுவேன். காற்று எனக்குப் பின்னாலிருந்து அடிக்கும்படி இடம் பார்ப்பேன். இல்லாவிட்டால் முதல் சில வெடிக்குப் பிறகு புகையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். படத்தின் அடியில் ஒரு கட்டடமோ மக்கள் தலையோ இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அது அம்மாவுக்காக. எவ்வளவு பெருசு என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

படங்கள் நன்றாக வரத் தொடங்கின. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் சிலவற்றை அச்சிட்டு வருவேன். அம்மா அவற்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். இடம் போதாமல் ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் ஒட்டினாள். குக்கருக்குப் பயந்து வாசலுக்குப் போவதை நிறுத்தி, கதவோரம் நின்று படங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு வகைக் குண்டு உண்டு. வெடித்ததும் பந்தாக விரியாது. தங்க நிற இழைகளாகத் தொங்கிக்கொண்டே கீழே இறங்கும். குழுவில் அதற்கு அழுமூஞ்சி என்று பெயர். அதை நான் எடுத்த படம்தான் அம்மாவுக்கு உயிர். உச்சியிலிருந்து ஏரித் தண்ணீர் வரை ஒவ்வொரு இழையும் அறுபடாமல், ஒரு பெரிய மரம் நிற்பதுபோல இருந்தது. கரையில் இருந்த கட்டடம் அதற்குக் கீழே தீப்பெட்டி.

"இதுவா? இதையா நான் இத்தன நாளா அழுமூஞ்சி அழுமூஞ்சின்னு அலட்சியமா விட்டேன்?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடிகாரத்திடம் போய், வரிசையை மாற்று என்றாள். எந்தக் குண்டுக்குப் பின் எந்தக் குண்டு என்பதை வரிசை என்பார்கள். அதுவரை அழுமூஞ்சி நடுவில் எங்கோ வந்துகொண்டிருந்தது. அதைக் கடைசியில், பெருங்கொட்டுக்கு முன்னால் வை என்றாள். பெருங்கொட்டு என்பது எல்லாக் குழாயும் சேர்ந்து முழங்குகிற முடிவு. அதோடு இன்னொன்றும் சொன்னாள். அழுமூஞ்சி போனபின் உடனே பெருங்கொட்டைத் தொடங்காதே, முப்பது எண்ணும்வரை சும்மா விடு.

"எதுக்குக்கா சும்மா?"

"அது நிக்கும்ல? ஜனங்க நிதானமா பாக்கட்டுமே."

அவரும் குழாயைப் பார்க்கிற ஆள்தான். எதிர்ப்பக்கத்தில் நின்று அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தைப் பார்த்தார். சரி என்றார். அன்றிலிருந்து எங்கள் ஊர்க் குழு விட்ட எல்லா நிகழ்ச்சியிலும் அழுமூஞ்சிக்குப் பிறகு அந்த இடைவெளி இருந்தது. பல வருடம் இருந்தது.

நகராட்சி அதிகாரி ஒருவர் ஒருமுறை குறை சொன்னார். நடுவில் ஏன் நிறுத்துகிறீர்கள், ஜனங்கள் முடிந்துவிட்டது என்று கிளம்புகிறார்கள் என்றார். கடிகாரம் அதை வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா சுவரிலிருந்து அந்தப் படத்தைப் பிய்த்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இத விட்டுட்டு எவனாச்சும் கெளம்புவானா? நீயே சொல்லு."

"கெளம்ப மாட்டான்."

"அந்தாளுக்கு வண்டி எடுக்கற அவசரம். ரசனை கெட்ட ஜென்மம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இடைவெளியில் நான் எப்போதும் கேமராவின் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எடுத்த அழுமூஞ்சி சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பதற்கு அந்த நேரம் வசதியாக இருந்தது. என் கண் முன்னால் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மாடிப்படியில். பிறகு துணி உலர்த்தும்போது. பிறகு பேசும்போது. நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, எத்தனை வருடம் புகையில் இருந்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் படத்தைக் கீழே வைத்தார். இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து என்னிடம் தனியாக, நாள் அதிகம் இல்லை என்றார்.

அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள்.

"உக்காந்து பாக்கலாம்ல? விடத்தானே கூடாது. பாக்கலாம்ல?"

அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தான் போட்ட வரிசையை ஒரே ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். மறுபடி போய்க் கேட்டபோது மருத்துவர் தயங்கினார். புகை வராத பக்கமாக இருந்தால், ஆக்ஸிஜன் கூடவே இருந்தால், கொஞ்ச நேரம் என்றார். புகை வராத பக்கம் எது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழகிய வேலை. ஏரிக்கரை நிகழ்ச்சிக்கு முன்பு ஒரு வாரம், தினமும் மாலையில் போய் நின்று காற்றைப் பார்த்தேன்.

அம்மா கல்யாணத்துக்குப் போகிறவள்போல உடுத்திக்கொண்டாள். நான் கேமரா பையை எடுத்தபோது தடுத்தாள்.

"அத வெச்சிட்டு வா. இன்னிக்கு என்கூட நீயும் பாரு."

கடிகாரம் முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அக்காவுக்கு என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார். "பேர் எழுத மாட்டானா? ஊருக்கே நான் அக்காவா?" என்று சிரித்தாள் அம்மா. சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. ஆக்ஸிஜன் உருளையைக் காலடியில் வைத்து, மூக்குக் குழாயைச் சரிசெய்தேன். காற்று எங்கள் முதுகில் அடித்தது. பின்னால் ஒரு குடும்பம். அவர்களுக்கும் பின்னால் கரை முழுக்கத் தலைகள்.

முதல் 'தொம்' கேட்டதும் அம்மா குனிந்துவிட்டாள். கண் எதிர்க்கரைத் தரைக்குப் போனது. குழாயைத் தேடுகிறாள்.

"அம்மா, மேல. மேல பாரு."

அவள் கழுத்தைத் தூக்கினாள். யாரோ பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்திருப்பதுபோல மெதுவாகத் தூக்கினாள். சிவப்பு விரிந்தது. அவள் முகமும் சிவந்தது.

"அடேயப்பா."

அடுத்து பச்சை. அடுத்து வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அமுக்குவது குறைந்தது. வெடி அணைந்த பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்தது வேறு இடத்தில் விரியும். அவள் கண் அங்கே போவதற்குள் அதுவும் பாதியாகியிருக்கும்.

"ஏண்டி இது இவ்ளோ சீக்கிரம் போயிடுது? குண்டு எதுவும் ஈரமா?"

"இல்லம்மா. அப்படித்தான்."

"சரி சரி. அழுமூஞ்சி வரட்டும்."

அழுமூஞ்சி வந்தது. உயரமாக ஏறி, சத்தமில்லாமல் உடைந்து, தங்கப் பொறிகள் இறங்கத் தொடங்கின. கூட்டம் ஹா என்றது. அம்மாவும் சொன்னாள். பொறிகள் இறங்க இறங்க உச்சி இருண்டுகொண்டே வந்தது. பொறி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வெளிச்சம். அது கடந்து வந்த வழியில் ஒன்றும் இல்லை. தண்ணீரைத் தொடும் முன்பே கடைசிப் பொறியும் அணைந்தது.

இருட்டு.

அம்மா நிமிர்ந்தபடியே இருந்தாள். எதிர்க்கரையில் கடிகாரம் எண்ணிக்கொண்டிருப்பார்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "வாங்க வாங்க, இப்பவே போனாத்தான் வண்டிய எடுக்க முடியும்" என்றார் ஒருவர். "அவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள் ஒரு பெண். கரை நெடுக ஆட்கள் எழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

"ஏன் எந்திரிக்கறாங்க?"

"முடிஞ்சுடுச்சுன்னு நெனைக்கறாங்கம்மா."

"அழுமூஞ்சி நிக்குதே. பாக்காம ஏன்..." மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்கடி அது?"

"அணைஞ்சு போச்சு."

"போட்டோவுல நிக்குதே?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அதற்குள் பெருங்கொட்டு தொடங்கிவிட்டது. வானம் வெளுத்தது. பாதி வழி போனவர்கள் "ஏய், இன்னும் இருக்கு" என்று திரும்பி ஓடி வந்தார்கள், சிரித்தார்கள், நின்றபடி பார்த்தார்கள். அம்மா மேலே பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அந்த நாற்காலிகள் வெளிச்சமாகி இருண்டன.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. எப்படி நிக்குது இதுல?"

நான் சிங்க் குழாயைத் திறந்தேன். கீழே ஒரு பாத்திரத்தை வைத்தேன்.

"கேமரா இந்தப் பாத்திரம் மாதிரிம்மா. திறந்து வெச்சா வர்ற வெளிச்சத்தையெல்லாம் சேத்து வெச்சுக்கும். பொறி போன வழி பூராவும் அதுல இருக்கும்."

"கண்ணு?"

பாத்திரத்தை எடுத்துவிட்டு வெறும் கையை நீட்டினேன்.

"இப்படி. வரும். போயிடும்."

"அப்ப நீ எடுத்ததெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லம்மா. எல்லாம் நடந்ததுதான். ஒண்ணா நடக்கல. ஒண்ணு பின்னால ஒண்ணா நடந்துச்சு."

குழாயை அவளே எட்டி மூடினாள். மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

"முப்பது எண்ணுறவரைக்கும் அவங்க எதப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க?"

நான் பாத்திரத்தைத் துடைத்து மேடையில் கவிழ்த்தேன்.

"சொல்லுடி. அளக்கறதுதானே ஒன் வேலை?"

"இருட்டத்தாம்மா."

"எத்தன வருஷம்." அது கேள்வி இல்லை. "அந்த நகராட்சிக்காரன நான் என்னென்ன பேசினேன்."

அவள் அழவில்லை. எனக்கு அழுகை வந்தது. படங்களைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். "அது என்ன பண்ணுச்சு? கிடக்கட்டும்" என்றாள். பிறகு, அவளுக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில், "மேல பாக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தேன்" என்றாள்.



அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். இரண்டு பேர் படுக்கிற அறை. ஜன்னல் பக்கத்துக் கட்டில். ஒரு நர்ஸுக்கு அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று தெரிந்து, எல்லோரையும் கூட்டி வந்து சொன்னாள். என் போனில் இருந்த படங்களைக் காட்டச் சொன்னாள். அழுமூஞ்சி வந்ததும் நிறுத்தினாள்.

"ஐயோ, எவ்ளோ அழகு. நேர்லயும் இப்படியேவா நிக்கும்மா?"

அம்மா முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நிக்காதும்மா. போயிடும்."

"அப்ப போட்டோதான் நல்லா இருக்கு."

"என் பொண்ணு எடுத்தது" என்றாள் அம்மா.

கடிகாரம் பார்வையாளர் நேரம் தொடங்கிய நிமிடத்தில் அறை வாசலில் நின்றார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னடா, சொன்ன நேரத்துக்கு வந்திருக்க? டாக்டர் எதாச்சும் சொல்லிட்டாரா?"

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்தார். வழியில் பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது என்று ஏதோ சொன்னார்.

"அந்த எடைவெளிய எடுத்துடு" என்றாள் அம்மா.

"எதுக்குக்கா? அது நீ வெச்சது. அப்படியே இருக்கட்டும்."

"எடுத்துடு."

"எத்தன வருஷமா இருக்கு. பசங்களுக்கெல்லாம் பழகிடுச்சு. நீ சொன்னதுன்னு..."

"நான் சொன்னதுதான் தப்பு. மேல ஒண்ணும் இல்லடா. நான் போய்ப் பாத்துட்டேன்." மூச்சுக்கு நிறுத்தினாள். "அழுமூஞ்சி எறங்கிட்டு இருக்கும்போதே பெருங்கொட்ட ஆரம்பி. இருட்டே விடாத. ஒருத்தன்கூட எந்திரிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுக்கா."

"அடுத்த தடவையே."

"அடுத்த தடவையே."

அவர் போனபின் கொஞ்சம் தூங்கினாள். விழித்ததும் என்னைக் கூப்பிட்டு, ஒருத்தராவது கிளம்புகிறார்களா என்று நீ நின்று பார்த்து எனக்கு வந்து சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன். அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் நாள் இருந்தது. அவளுக்கு இல்லை. வியாழக்கிழமை காலை, நான் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள். திரும்பி வந்தபோது நர்ஸ் இயந்திரத்தை அணைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிகழ்ச்சி அதே ஏரிக்கரையில். நான் போனேன். கேமராவையும் எடுத்துப்போனேன். அங்கே சும்மா எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியாது. காற்று பார்த்து முக்காலியை நட்டேன். எதிர்க்கரை விளக்கைக் குறிவைத்தேன். வளையத்தில் டேப் ஒட்டினேன். பக்கத்தில் இருந்தவர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அவர் தன் போனை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். நன்றாகவே வந்தது அவருக்கு.

வரிசை அம்மாவுடையதுதான். எனக்கு மனப்பாடம். அழுமூஞ்சி ஏறும்போது ஷட்டரைத் திறந்தேன். உடைந்தது. பொறிகள் இறங்கத் தொடங்கின. பாதி வழி வருவதற்குள் கீழேயிருந்து பெருங்கொட்டு எழுந்து அவற்றுக்குள் புகுந்தது. தங்கத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குமேல் வெள்ளை. கூட்டம் முதலில் ஒரு கணம் வாயடைத்து, பிறகு கத்தியது. நான் பித்தானை விடவில்லை. விட மறந்துவிட்டேன். பின்னால் திரும்பி மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். கடைசி வெடி அணைந்து, கைதட்டி ஓய்ந்த பிறகுதான் முதல் ஆள் எழுந்தார்.

எல்லோரும் போனபின், சோதனையெல்லாம் முடித்து, கடிகாரம் கரையைச் சுற்றி நடந்து வந்தார். ஹெல்மெட் கையில். முகமெல்லாம் கரி. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"யாராச்சும் கெளம்புனாங்களா?"

"இல்ல மாமா. ஒருத்தரும் எந்திரிக்கல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையாட்டினார். கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். பிறகு, படம் எடுத்தாயே, காட்டு என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெறும் வெள்ளை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

"என்னம்மா இது, ஒண்ணுமே விழலையே?"

"எல்லாமே விழுந்துடுச்சு மாமா. அதனாலதான் ஒண்ணும் தெரியல."